பாய்ப்படகு பழக எழுத்துப் பரீட்சை வேண்டுமா? மலையகத்திலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து பாய்ப்படகு ஓட்டப் பழக ஆசைப்படும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் அடிக்கடி கேட்பவை இவை. எங்கு தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: பரீட்சை உண்டா, எழுதினால்தான் ஓட்டலாமா, சித்தியடைந்தால் போதுமா? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சில கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். எழுத்துப் பரீட்சை முக்கியமா?

வாவியில் பகலில் சிறிய படகு ஓட்ட முக்கியமில்லை. கடலுக்கு, அதுவும் இரவில், அடுத்தவரின் உயிரையும் பொறுப்பேற்றுப் போவதென்றால் மிகவும் முக்கியம். ஆனால் பரீட்சை மட்டும் எழுதிய ஒருவரிடம் நான் என் பிள்ளையைப் படகில் ஏற்றிவிட மாட்டேன்.

வெளிநாடுகளில் எப்படி நடக்கிறது? எல்லோரும் பரீட்சை எழுதித்தான் பழகுகிறார்களா?

இல்லை. இதில் இரண்டு வழக்கங்கள் இருக்கின்றன.

பிரித்தானியாவின் ராயல் யாட்டிங் அசோசியேஷன், சுருக்கமாக ஆர்.வை.ஏ., சிறு படகுகளுக்கான ஆரம்ப நிலைகளில் வினாத்தாள் கொடுத்து உட்கார வைப்பதில்லை. பயிற்றுநர் தண்ணீரில் நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார். பெரிய பாய்ப்படகுகளுக்கான 'டே ஸ்கிப்பர்' நிலையில் கரையில் படிக்கும் பாடநெறி தனி, படகில் செய்யும் பயிற்சி தனி. கரைப் பாடத்தில் வினாத்தாள் உண்டு. இன்னும் மேலே போனால் பெரிய மதிப்புள்ள 'யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர்'. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பரீட்சையில் எழுத்து வினாத்தாளே இல்லை. பரீட்சகர் படகில் ஏறி உங்களோடு கடலுக்கு வருகிறார். ஆனால் அவர் ஏறுவதற்கு முன்பே நீங்கள் 50 நாட்கள் கடலில் இருந்திருக்க வேண்டும், 2,500 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும், 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்தாவது செய்திருக்க வேண்டும். முதலுதவிச் சான்றிதழும் வானொலி இயக்கும் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

அமெரிக்கன் செய்லிங் அசோசியேஷன் வழி வேறு. அங்கே முதல் நிலையிலேயே பல்தேர்வு வினாத்தாளும் உண்டு, படகில் சோதனையும் உண்டு.

எனக்குப் பிடித்தது பிரித்தானிய முறை. அதற்காக அது படிக்காதவர்களுக்கு இலகுவான வழி என்று எண்ணிவிட வேண்டாம். யாட்மாஸ்டர் பரீட்சகர் நள்ளிரவில், குளிரில், தூரத்து விளக்கு ஒன்றைக் காட்டி "அது என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறது, நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார். கரையில் உட்கார்ந்து படிக்காதவருக்கு அந்த நேரத்தில் பதில் வராது.

தண்ணீரில் எத்தனை வருடம் இருந்தாலும் தானாக வராத, படித்தே தீர வேண்டிய விஷயம் எது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நான்கு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, இயந்திரம். பாயை விரித்தபடியே இயந்திரத்தையும் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். பார்ப்பவருக்கு அது பாய்ப்படகு. ஆனால் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இயந்திரம் படகைத் தள்ளுகிற கணத்திலிருந்து அது இயந்திரப் படகு. பாய்ப்படகுக்கு உள்ள முன்னுரிமை போய்விடும். பகலில் முன்பக்கம் கூம்பு வடிவ அடையாளம் ஒன்றைக் கூர்முனை கீழே இருக்கும்படி கட்டித் தொங்கவிட வேண்டும். இதை எந்தக் காற்றும் உங்களுக்குச் சொல்லித் தராது.

இரண்டாவது, இரண்டு பாய்ப்படகுகள் சந்திக்கும்போது யார் விலகுவது என்பது. ஒன்றுக்கு இடப்பக்கமிருந்தும் மற்றதற்கு வலப்பக்கமிருந்தும் காற்று வந்தால், இடப்பக்கம் காற்று வாங்கும் படகு விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கத்திலிருந்து காற்று என்றால், காற்று வரும் திசைக்குக் கிட்ட இருப்பது விலக வேண்டும். இந்த இரண்டையும் வாவியில் நாலு தடவை திட்டு வாங்கியே பழகிவிடலாம். மூன்றாவதாக ஒரு விதி உண்டு: உங்களுக்கு இடப்பக்கக் காற்று, காற்று வரும் திசையில் இன்னொரு படகு தெரிகிறது, ஆனால் அதன் பாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெளிவாகப் பார்க்க முடியவில்லை. அப்போது நீங்கள்தான் விலக வேண்டும். தெரியாதபோது ஊகிக்காதே, விலகு என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அனுபவத்தில் இதைக் கற்க வேண்டுமென்றால் ஒரு மோதல் நடக்க வேண்டும்.

மூன்றாவது, விளக்குகள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இருட்டில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்து, அவற்றுக்கு மேலே வெள்ளையும் தெரிந்தால், ஓர் இயந்திரக் கப்பல் நேராக உங்களை நோக்கி வருகிறது. மேலே வெள்ளை இல்லாவிட்டால் அது பாய்க்கப்பலாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டிய இடம் வகுப்பறை. காலியிலிருந்து தெற்கே போனால் உலகத்தின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று குறுக்கிடுகிறது. அங்கே போய்ப் பார்த்துப் பழகலாம் என்றால் நடக்காது.

நான்காவது, வரைபடம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர், அதாவது அகலாங்கில் ஒரு நிமிடம். எனவே தூரத்தை வரைபடத்தின் பக்கவாட்டிலுள்ள அகலாங்கு அளவில்தான் அளக்க வேண்டும், கீழேயுள்ள நெட்டாங்கு அளவில் அளக்கக் கூடாது. இலங்கைக் கடலில் தவறுதலாகக் கீழே அளந்தாலும் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட வராது, ஏனென்றால் நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதே பழக்கத்தோடு இங்கிலாந்துக் கரைக்குப் போய், அகலாங்கு 50 பாகையில் அளந்தால், 10 மைல் தூரம் 15 மைலுக்கு மேல் காட்டும். நம் கடலில் பல வருடம் ஓடியும் அகப்படாத பிழையை ஒரு வினாத்தாள் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடும். பரீட்சைக்கு நான் மரியாதை கொடுப்பது இதற்காகத்தான்.

சரி, வினாத்தாளில் பிடிபடாதது எது?

நம் மலைக்காற்று. அதிலேயே தொடங்கலாம்.

சமதரையில் காற்று ஓரளவு ஒரே திசையில் வரும். மலைகளுக்கு நடுவிலுள்ள நீர்த்தேக்கத்தில் அது கணவாய் வழியாக நுழைந்து, சரிவில் இறங்கி, கரையில் மோதித் திரும்பி வருகிறது. காசல்ரீ போன்ற இடத்தில் ஒரு திருப்பத்தில் பாய் சோர்ந்து தொங்கும். அடுத்த திருப்பத்தில், தேயிலைச் சரிவுக்குக் கீழே, திடீரென்று ஒரு வீச்சு வந்து படகைச் சாய்க்கும். வருவதற்கு முன் தண்ணீரின் மேல் கறுத்த திட்டு ஒன்று விரைந்து ஓடிவரும். அதைக் கண்ணால் பார்த்து, உடம்பை வெளியே சாய்த்து, பாய்க்கயிற்றை ஒரு முழம் விட்டுக் கொடுக்கும் வேலையை யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. கை தானாகச் செய்ய வேண்டும்.

சுக்கான் பிடியும் அப்படித்தான். பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்று எழுதினால் முழுப் புள்ளி. ஆனால் முதல் நாள் படகில் ஏறிய எவரும், அந்த வரியை எத்தனை தரம் படித்திருந்தாலும், பதற்றத்தில் பிழையான பக்கமே தள்ளுவார்கள்.

படகு கவிழ்வதும் பாடம்தான். கவிழ்ந்தவுடன் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணுவது, பாய்க்கயிற்றை அவிழ்த்து விடுவது, நடுப்பலகையில் (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் பலகை) ஏறி நின்று படகை நிமிர்த்துவது, முக்கியமாகப் படகை விட்டு நீந்திப் போகாமல் இருப்பது. இதையெல்லாம் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும். நுவரெலியா போன்ற குளிர் நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு வாங்கும், கை சொல் கேட்காது. அதை ஒருமுறையாவது உடம்பு அறிந்திருப்பது நல்லது.

காற்றின் வேகம் தெரிந்தால் போதாதா? மலையில் பழகினால் கடலிலும் ஓட்டலாம்தானே?

இங்கேதான் படிப்பும் பழக்கமும் கைகோக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 நொட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்றில் சிரித்துக்கொண்டு ஓட்டியவர் 20 நொட்டில் திணறுவது அதனால்தான். இன்னொன்று, நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கிரகரி வாவியில் பழகிய பிள்ளை, அதே வேகக் காற்றைத் திருகோணமலையில் சந்திக்கும்போது பாய் கனமாக இழுப்பதை உணர்வான். காரணம் தெரிந்தவன் பாயைச் சுருக்குவான். தெரியாதவன் தன் திறமை போய்விட்டதோ என்று பயப்படுவான்.

எங்கள் பிள்ளைகள் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைக்கே வளர்ந்தவர்கள். மனப்பாடம் செய்து சித்தியடைந்து விடுவார்களே?

சித்தியடைவார்கள், சந்தேகமேயில்லை. கடந்தகால வினாத்தாள்களை வாங்கி, டியூசன் வைத்து, நூற்றுக்குத் தொண்ணூறு எடுப்பார்கள். அதுதான் என் கவலை. தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை மேலே வர இந்த நாடு திறந்து வைத்திருக்கும் கதவு பரீட்சை ஒன்றுதான். அதனால் சான்றிதழ் கையில் கிடைத்தால் திறமை கிடைத்துவிட்டது என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. காற்றுக்கு அந்தச் சான்றிதழ் தெரியாது.

ஆனால் மனப்பாடத்தை நான் இகழவே மாட்டேன். அது உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு: வானொலி அபாய அழைப்பு. 16-ஆம் அலைவரிசையில் 'மேடே' மூன்று தரம், படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, என்ன உதவி தேவை, எத்தனை பேர் என்று ஒழுங்கு மாறாமல் சொல்ல வேண்டும். படகில் தண்ணீர் ஏறும்போது யாருக்கும் புதிதாக வாக்கியம் அமைக்க வராது. திருக்குறளை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு இது ஒரு மாலைநேர வேலை.

வல்வெட்டித்துறைத் தமிழர்கள் பரீட்சை எழுதியா கப்பல் ஓட்டினார்கள்?

பெருமையோடு சொல்ல வேண்டிய வரலாறு அது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிச் செல்ல, 1938-ல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது.

ஆனால் அதை "படிப்பு தேவையில்லை" என்பதற்குச் சாட்சியாகக் கொண்டு வருவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். சிறு வயதிலேயே கப்பலேறி, தண்டையலின் (கப்பல் தலைவரின்) பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று, நட்சத்திரமும் காற்றும் நீரோட்டமும் கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றியவர்கள் அவர்கள். ஒவ்வொரு நாளும் வாய்மொழிப் பரீட்சைதான் நடந்தது. வார இறுதியில் மட்டும் படகேறும் நமக்கு அந்த வருடங்கள் கிடையாது. அந்த இடைவெளியைப் புத்தகம்தான் நிரப்ப வேண்டும்.

வாகன லைசன்ஸ் மாதிரித்தானே இதுவும்? முதலில் எழுத்து, பிறகு ஓட்டம்?

எழுத்தும் ஓட்டமும் இரண்டும் வேண்டும் என்ற அளவில் சரி. வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. வீதியில் ஏற்கெனவே பஸ்ஸில் போய்ப் போய்ப் பிள்ளைக்கு வீதி என்றால் என்னவென்று தெரியும். தண்ணீரில் நம் மலையகப் பிள்ளைக்கு அந்த அறிமுகம் இல்லை. அதனால் முதலில் சில நாட்கள் படகில் விடுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தால் உணரத் தெரிந்த பிறகு அதே விஷயத்தைப் பலகையில் வரைந்து காட்டினால் உடனே ஏறும். அதற்கு முன் வரைந்தால் அது வெறும் அம்புக்குறிதான்.

ஆங்கிலம் சரியாக வராது. அதனால் ஒதுங்க வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து ஒதுங்காதீர்கள். பாய், சுக்கான், நங்கூரம், பாய்மரம் எல்லாம் தமிழில் உண்டு. டேக், ஜைப் (காற்றைக் கடந்து படகைத் திருப்பும் முறைகள்), பூம் (பாயின் அடிக்கம்பம்) போன்ற கொஞ்சச் சொற்கள் ஆங்கிலத்திலேயே பழக்கத்தில் இருக்கின்றன, ஒரு கிழமையில் வந்துவிடும். விதிகளைத் தமிழில் விளக்கி, தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்குவதே நல்ல பயிற்றுநருக்கு அழகு. வெளிநாட்டுச் சான்றிதழுக்குப் போகும்போதுதான் ஆங்கிலம் தவிர்க்க முடியாததாகிறது. கப்பல் வானொலியும் ஆங்கிலத்தில்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தோட்டத்தில் வேலை செய்கிறேன். எனக்கு இதெல்லாம் முடியுமா?

முடியும். வாய்மொழியாகக் கேளுங்கள், வாய்மொழியாகப் பதில் சொல்லுங்கள். மேசையில் இரண்டு தீப்பெட்டிகளைப் படகுகளாக வைத்து, காற்று இந்தப் பக்கம் என்றால் எது விலக வேண்டும் என்று காட்டத் தெரிந்தால் உங்களுக்கு அந்த விதி தெரியும். அதற்குப் பேனா தேவையில்லை. மழைக்கு முன் மேகம் எப்படி இறங்கும், எந்த மலையில் முதலில் மூட்டம் கட்டும் என்று தினமும் வெளியில் நிற்கிற உங்களுக்குத் தெரிவது, வகுப்பறைப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

வெளிநாட்டு உல்லாசப் படகுகளில் வேலைக்குப் போக ஆசை. அதற்கு?

அங்கே தாள் தேவை. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, அதாவது தீயணைப்பு, உயிர் தப்புதல், முதலுதவி போன்றவை அடங்கிய எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேசக் கடலோடிகள் பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். கப்டனாக உயர வேண்டுமென்றால் யாட்மாஸ்டர் போன்ற தகுதி. சில ஐரோப்பிய நாடுகளில் படகை வாடகைக்கு எடுக்கவே சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். உள்நாட்டு ஆறு, கால்வாய்களில் ஓட்டுவதற்கு அதிலேயே தனியாக விதிகள் பற்றிய சோதனை உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஆர்.வை.ஏ. கரைப் பாடத்தில் ஒரு முக்கியமான பகுதி வற்றுப்பெருக்குக் கணக்கு. இலங்கைக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட இல்லை என்பதால் "இது எதற்கு?" என்று நம் பிள்ளைகள் தாண்டிவிடுவார்கள். பிரித்தானியக் கரையில் அது பல மீட்டர். மாலையில் மிதக்க விட்ட படகு காலையில் சேற்றில் படுத்திருக்கும். அந்தப் பாடத்தைத் தாண்டாதீர்கள்.

மலையகத்தில் எங்கே பழகலாம்?

1873-ல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவான கிரகரி வாவி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே மோட்டார் படகுகளின் நெரிசல் அதிகம். காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா எல்லாம் மின்சாரத்துக்காக, சில பாசனத்துக்காகவும் சேர்த்து, கட்டிய நீர்த்தேக்கங்கள். பொறுப்பான அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. அணைக்கட்டுக்கும் வான்கதவுக்கும் பக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

நீர்மட்டமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மவுசாகலையில் நீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதாவது போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இன்று உங்கள் நடுப்பலகை கல்லில் முட்டலாம். கடலுக்கு வரைபடம் இருக்கிறது. இங்கே கரையோரத் தோட்டத்து மூத்தவர்களைக் கேட்பதுதான் வரைபடம்.

ஒழுங்காகப் பழக, மொறட்டுவைப் பக்கம் பொல்கொட வாவிக்குப் போய் ஆரம்பிப்பது என் ஆலோசனை. அங்கே பாய்ப்படகுக் கழகங்கள் உண்டு.

எந்தக் காலத்தில்?

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கிழக்குக் கரையில் கச்சான் என்று வறண்டு வீசும் அதே காற்று, ஹட்டன், மஸ்கெலியாவின் மேற்குச் சரிவில் மழையும் மூட்டமுமாக அடிக்கும். புதியவர்கள் அப்போது வேண்டாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும். பாய்மரம் தண்ணீரின் நடுவே உயர்ந்து நிற்கும் கம்பம் என்பதை மறக்க வேண்டாம், காலையிலேயே முடித்துக் கரையேறுங்கள்.

நீச்சல் தெரிய வேண்டுமா?

ஆம். நீச்சல் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும்.

நான் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இதை ஆரம்பிக்க நினைக்கும் ஆசிரியர். பரீட்சை வைக்கவா?

வையுங்கள், சிறியதாக. சித்தி, சித்தியின்மை என்று பட்டியல் ஒட்டாதீர்கள். பத்துக் கேள்வி போதும், அத்தனையும் ஆபத்தோடு தொடர்புள்ளவையாக இருக்கட்டும்: யார் விலகுவது, கவிழ்ந்தால் முதலில் என்ன, எந்த மேகத்தைக் கண்டால் கரைக்குத் திரும்புவது. இதில் எழுபத்தைந்து புள்ளி போதும் என்ற கணக்கு இருக்கக் கூடாது. "கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போவேன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், மற்ற ஒன்பதும் சரியாக இருந்தாலும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசாமல் படகில் அனுப்பக் கூடாது. பிழைவிட்ட கேள்வியை மறுநாள் தண்ணீரில் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்த விடைத்தாள் பிள்ளைக்குப் புள்ளி போடுவதைவிட, நீங்கள் எதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று உங்களுக்குக் காட்டுவதற்கே அதிகம் உதவும்.

படகு கிடைக்கும்வரை வீட்டிலிருந்தபடி என்ன செய்யலாம்?

மூன்று முழக் கயிறு ஒன்று எடுத்து நான்கு முடிச்சுப் பழகுங்கள். அவற்றில் 'போலைன்' என்ற கண்ணி முடிச்சு முதலில்: எவ்வளவு இழுத்தாலும் இறுகிச் சுருங்காது, வேலை முடிந்ததும் இலகுவாக அவிழும். கண்ணைக் கட்டிக்கொண்டு போட வரும்வரை பழகுங்கள். தினமும் காலையிலும் பின்னேரமும் வாசலில் நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதிர்மலையில் மூட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மோதல் தவிர்ப்பு விதிகளை வாரத்துக்கு இரண்டு என்று படியுங்கள். படகில் முதல் நாள் ஏறும்போது அந்தக் கொப்பியைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள், அதிலிருந்தே அவர் பாடத்தைத் தொடங்கலாம்.